கோட்டைவாசல் தாண்டிப் போகும் சைக்கிளுக்கு முதலில் டயரைப் பாருங்கள்

கேள்வி:

செங்கோட்டையில் இருக்கிறேன். வயது 44, உயரம் 170 செ.மீ., எடை 74 கிலோ. ஆறு வருடமாக ஓட்டுவது அலுமினிய ரோடு சைக்கிள். ரிம் பிரேக், 25 மி.மீ. டயர், 100 பி.எஸ்.ஐ. காற்று. வாரத்தில் நாலு நாள் காலையில் இலத்தூர், ஆய்க்குடி, தென்காசி என்று 40 கி.மீ. சுற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை புளியரை வழியாகக் கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவு, தென்மலை. சில வாரம் குளத்துப்புழை வரை. பண்பொழி, மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்கும் போக ஆசை. ஆனால் அந்தச் சாலையில் 25 மி.மீ. டயர் நிற்காது என்று பயம். இரண்டு மணி நேரம் தாண்டினால் உள்ளங்கை மரத்துப்போகிறது. அடுத்த வருடம் 300, 400 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்ட வேண்டும். 4 லட்ச ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். ட்ரெக் டொமேன், ஸ்பெஷலைஸ்டு ரூபே, ஜெயன்ட் டிஃபை, இவற்றில் எது? அல்லது மண், சரளைப் பாதைக்கான கிராவல் சைக்கிளே வாங்கலாமா? எலக்ட்ரானிக் கியர் அவசியமா? பழைய வண்டியை விற்றுவிடவா?

பதில்:

வணக்கம். நீங்கள் எழுதிய வண்டிப் பெயர்களைவிட, எழுதியிருக்கும் பாதைதான் எனக்கு அதிகம் சொல்கிறது. வாரக் கணக்கில் பார்த்தால் பத்தில் எட்டுப் பங்கு தார்ச்சாலை, அதில் பாதி ஒட்டுப்போட்ட தார். மீதியில் மலைப்பாதை, மழைக்குப் பின் அரித்துப்போன ஓரங்கள், அச்சன்கோவில் பக்கத்துக் காட்டுச் சாலை. இப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பாதையின் மிக மோசமான பகுதியை வைத்து டயரைத் தேர்ந்தெடுங்கள், அதிக நேரம் ஓட்டும் பகுதியை வைத்து ஃபிரேமின் அளவைத் தேர்ந்தெடுங்கள். பெயர்ப்பலகை, எடை, கியரின் வகை எல்லாம் இவை முடிவான பிறகு வரட்டும்.

புது வண்டிக்கு முன்னால் ஒரு வேலை. இன்றைக்கே பழைய வண்டியின் காற்றைக் குறையுங்கள். 74 கிலோ எடைக்கு 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. மிக அதிகம். முன்னால் 78, பின்னால் 84 வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கல்லுப்போல் இறுகிய டயர் நல்ல வழவழப்பான தாரில்தான் லேசாக ஓடும். சொரசொரத்த தாரில் ஒவ்வொரு சிறு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அந்த அதிர்வைத் தாங்குவது உங்கள் தசை. அதில் செலவாகும் சக்தி காலிலிருந்துதான் போகிறது. அதாவது கையும் மரத்துப்போகிறது, வேகமும் குறைகிறது. காற்றைக் குறைத்ததும் மரமரப்பு பாதியாகிவிட்டால், புது வண்டியில் விலை உயர்ந்த அதிர்வுத் தாங்கிகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் குறையும். கொஞ்சமும் குறையவில்லை என்றால், சிக்கல் ஹேண்டில்பார் எட்டும் தூரத்திலும் சேடிலின் சாய்விலும் இருக்கிறது. சேடில் முன்பக்கம் சரிந்திருந்தால் உடம்பின் பாரம் கைக்குப் போய்விடும்.

இப்போது டயர். டிஸ்க் பிரேக் வந்த பிறகு ரோடு சைக்கிளில் அகலமான டயர் போட முடிகிறது. பழைய ரிம் பிரேக் காலிப்பர் 28 மி.மீ. டயரோடு முடிந்துவிடும். எண்டூரன்ஸ் (நெடுந்தூரம் அலுப்பில்லாமல் ஓட்டுவதற்கான வகை) என்று இன்று விற்கும் நல்ல வண்டிகள் 35 முதல் 40 மி.மீ. வரை ஏற்கின்றன. உங்களுக்குக் குறைந்தபட்சம் 38 இடம் வேண்டும். அன்றாடம் ஓட்டப்போவது 32தான் என்றாலும் 38 கேட்பதற்குக் காரணம் உண்டு. டயரின் மேல் எழுதியிருக்கும் அகலமும் ரிம்மில் ஏறிய பின் உள்ள அகலமும் ஒன்றல்ல. உள் அகலம் 25 மி.மீ. உள்ள ரிம்மில் 35 என்று எழுதிய டயர் 36, 37 வரை விரியும். அதற்கு மேல் இருபுறமும் 4 மி.மீ. காற்றிடம் விட வேண்டும். கேரளப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்து ஓரங்களில் மழை பெய்தால் செம்மண் பசைபோல் டயரில் ஏறும். இடைவெளி இல்லாத ஃபிரேமில் அந்தச் சேறும் அதிலுள்ள சிறு கல்லும் செயின்ஸ்டேயின் (பெடல் பக்கத்திலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) உட்புறத்தை உரசி உரசி கார்பனையே தின்னும். பெயின்ட் போய்க் கறுப்பு இழை தெரியும் வரை யாரும் கவனிப்பதில்லை. வாங்கிய நாளே அந்த இடத்தில் தடித்த பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மூன்று பெயர்களும் இந்தக் கணக்கில் தேறுகின்றன. 2022-இல் வந்த நான்காம் தலைமுறை டொமேன் 38 மி.மீ. ஏற்கும். 2023-இல் வந்த டிஃபையும் 38. அதே வருடம் வந்த ரூபே எஸ்.எல்.8, 40 வரை ஏற்கும். ஆனால் கடையில் தள்ளுபடி விலையில் பழைய ரூபே நின்றால் ஏமாந்துவிடாதீர்கள்: அதற்கு முந்தைய தலைமுறை ரூபே 33 வரைதான். பெயர் அதே, வண்டி வேறு. தள்ளுபடி என்று யாராவது சொன்னால் முதலில் தலைமுறையைக் கேளுங்கள், பிறகு விலையைக் கேளுங்கள். கேனன்டேல் சினாப்ஸ் 2025-இல் வந்த புது வடிவில் 42 வரை போகிறது. பக்கத்து நகரத்தில் கிடைத்தால் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த டயர், எவ்வளவு காற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் 4 லட்ச ரூபாய் வண்டியும் கெட்டுப்போகிறது. நீங்கள் 74, வண்டி 9, தண்ணீரும் கருவியும் 4 என்று மொத்தம் 87 கிலோ. 32 மி.மீ. டியூப்லெஸ் டயரில் காலைச் சுற்றுக்கு முன்னால் 48, பின்னால் 53 பி.எஸ்.ஐ. சாரல் விழும் நாளில் இரண்டிலும் 4 குறையுங்கள். அச்சன்கோவில் போன்ற நாளுக்கு 38 மி.மீ. டயர் போட்டால் முன்னால் 34, பின்னால் 38. இவை தொடக்கம்தான், பின் ரிம் கல்லில் தட்டும் சத்தம் ஒருமுறை கேட்டாலும் 2 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். காலையில் வீட்டு நிழலில் அளந்த காற்று மத்தியான வெயிலில் மாறும் என்பதும் நினைவிருக்கட்டும். 28 டிகிரியில் 55 வைத்த டயர், சாலைச் சூட்டில் 50 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய 60 ஆகிவிடும். சித்திரை, வைகாசியில் மத்தியானம் ஓட்டுவதாக இருந்தால் குறைத்தே அடியுங்கள்.

டியூப்லெஸ் வேண்டும் என்பதற்கு உங்கள் ஊரிலேயே காரணம் இருக்கிறது. மலைக்குக் கிழக்கே இறங்கிவிட்டால் சாலை ஓரமெல்லாம் சீமைக் கருவேல முள். டியூபில் ஒரு முள் என்றால் நின்று கழற்ற வேண்டும். டியூப்லெஸில் உள்ளே இருக்கும் சீலன்ட் பால் அந்த ஓட்டையைத் தானே அடைத்துவிடும். முள்ளைப் பிடுங்கி, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துப் பத்து எண்ணுங்கள், போதும். பெரிய கிழிசலுக்குத் திரி சொருகும் ஊசி வேண்டும், அது பையில் எப்போதும் இருக்கட்டும். 32 மி.மீ. டயருக்கு 50 மி.லி., 38-க்கு 70 மி.லி. சீலன்ட். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து உள்ளே தோலாகிவிடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வால்வின் உள்முனையைக் கழற்றி மெல்லிய குச்சி விட்டுப் பாருங்கள். நனையாமல் வந்தால் 30 மி.லி. சேருங்கள். டியூப்லெஸ் சரியில்லை என்று திட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தக் குச்சியை ஒருமுறைகூட விட்டுப் பார்க்காதவர்கள். என்ன இருந்தாலும் டி.பி.யூ. என்னும் பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய டியூப், இரண்டு டயர் நெம்பி, சிறு பம்பு இவை இல்லாமல் ஆரியங்காவைத் தாண்ட வேண்டாம்.

ரிம்மில் ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் கார்பன் ரிம்களில் பல, டயரின் விளிம்பைப் பிடிக்கும் உட்கொக்கி இல்லாதவை, ஹுக்லெஸ் என்பார்கள். அவற்றில் டியூப்லெஸ் டயர் மட்டுமே போட வேண்டும், காற்று 72.5 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது. உள் அகலம் 25 மி.மீ. உள்ள ஹுக்லெஸ் ரிம்முக்கு 29-க்குக் குறைந்த டயர் கூடாது என்பது இப்போதைய அளவுவிதி. அவசரத்துக்குப் பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. உங்கள் பாதையில் ஹுக்லெஸ் ரிம் கூடாது என்று சொல்லமாட்டேன், 32-க்குக் குறையாமல் ஓட்டினால் அந்த அழுத்தம் தேவைப்படவே படாது. ஆனால் தேர்வு உங்கள் கையில் இருந்தால் கொக்கி உள்ள ரிம்மையே எடுங்கள்.

ரிம்மின் ஆழமும் உங்களுக்கு முக்கியம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. 50 மி.மீ. ஆழ ரிம்மில் அந்தக் காற்று பக்கவாட்டில் அடித்தால் முன் சக்கரம் கையை மீறித் திரும்பும். லாரியைக் கடக்கும் நொடியில் காற்று நின்று மறுபடி அடிக்கும்போது இன்னும் மோசம். 30 முதல் 35 மி.மீ. ஆழம் போதும். கடைக்காரர் ஆழ ரிம்மை இலவச மேம்பாடாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஸ்போக்ஸ் 24-க்குக் குறையாமலும், தலை வளைந்த சாதாரண ஸ்போக்ஸாகவும், கம்பியை இறுக்கும் நிப்பிள் ரிம்முக்கு வெளியே தெரிவதாகவும் இருந்தால், தென்காசியிலோ புனலூரிலோ ஒரு கம்பி உடைந்தால்கூட வேலை நடக்கும். நேர்கம்பிக்கு உதிரி வரும்வரை வண்டி சுவரில்தான் தொங்கும்.

கிராவல் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டீர்கள். அச்சன்கோவிலிலிருந்து அலிமுக்கு வரை காட்டுக்குள்ளேயே வாரம்தோறும் ஓட்டுவதாக இருந்தால் ஆம் என்பேன். 45 மி.மீ. டயரும் நீண்ட சக்கர இடைவெளியும் அங்கே அருமையாக நிற்கும். நீங்கள் அப்படி ஓட்டுகிறவர் இல்லை. 400 கி.மீ. பி.ஆர்.எம்.-க்கு 27 மணி நேரம். 300-க்கு 20 மணி நேரம். நிறுத்தம், தூக்கம், சாப்பாடு எல்லாம் அதற்குள். அந்த இரவில் நெடுஞ்சாலையில் எதிர்காற்றில் கிராவல் வண்டியின் நிமிர்ந்த முன்பக்கம் உங்களை வருத்தும். 38 ஏற்கும் எண்டூரன்ஸ் வண்டி உங்கள் காட்டுப் பாதையில் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். மற்ற எட்டுப் பங்கில் அது உங்களுக்குச் சரியான வண்டி. (அச்சன்கோவில் சாலை யானைகளின் வழி. எந்த வண்டியானாலும் வெயில் ஏறிய பிறகு நுழைந்து, மாலைக்கு வெகு முன்பே வெளியே வந்துவிடுங்கள்.)

அளவு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 170 செ.மீ. என்றதும் கடைக்காரர் ஃபிரேம் அளவு 54 என்பார், இன்னொருவர் 52 என்பார். இரண்டுமே தவறாக இருக்கலாம். காரணம், ஒரே உயரத்தில் கால் நீளமானவரும் உடல் நீளமானவரும் உண்டு. வீட்டில் இதைச் செய்யுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கிடையே சேடில் அழுத்தும் அளவுக்கு மேலே தூக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைக்கு அளக்கவும். அதை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் (பெடல் தண்டுகள் சுழலும் அச்சு) நடுவிலிருந்து சேடில் உச்சிக்கு வரவேண்டிய உயரம் ஏறக்குறையக் கிடைக்கும். 78 செ.மீ. என்றால் சுமார் 68.9. பிறகு உங்கள் பழைய வண்டியில் மூன்று அளவு எடுங்கள்: இதே சேடில் உயரம், சேடில் நுனியிலிருந்து ஹேண்டில்பார் நடுவரை தூரம், சேடிலைவிட ஹேண்டில்பார் எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்பது. இந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.

ஃபிரேமின் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: ஸ்டாக், அதாவது கிராங்க் நடுவிலிருந்து ஹெட்டியூப் (ஃபோர்க் தண்டு நுழையும் முன் குழாய்) உச்சிக்குச் செங்குத்து உயரம், ரீச், அதே புள்ளிக்குக் கிடைத்தூரம். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்தால் 1.5-க்கு மேல் வருவது எண்டூரன்ஸ் உடம்பு, 1.4-ஐ ஒட்டி வருவது பந்தய உடம்பு. கை மரத்துப்போகும் உங்களுக்கு 1.5-க்கும் 1.6-க்கும் நடுவில் வேண்டும். ஹேண்டில்பார் சேடிலைவிட 2, 3 செ.மீ. கீழே இருந்தால் போதும். அந்த உயரத்தை ஹேண்டில்பாருக்குக் கீழே ஸ்பேசர் வளையங்களை அடுக்கி வரவழைக்க வேண்டியிருந்தால் அளவு சிறிது என்று பொருள். கார்பன் ஃபோர்க் தண்டில் ஸ்பேசருக்கு வரம்பு உண்டு, மேலே மேலே அடுக்கிக்கொண்டு போகக் கூடாது. 52-க்கும் 54-க்கும் நடுவில் தடுமாறினால், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் 90 அல்லது 100 மி.மீ. இருக்கும்படி எந்த அளவு அமைகிறதோ அதை எடுங்கள். சிறிய ஃபிரேமில் 38 மி.மீ. டயர் போட்டால் பெடல் முன்னால் இருக்கும்போது ஷூ நுனி டயரைத் தொடலாம். மெதுவாகத் திரும்பும்போது அது ஆளைக் கவிழ்க்கும். கடைவாசலிலேயே ஷூவோடு ஏறி ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

இனி மூன்றில் எது. டொமேனில் பின்பக்கம் சீட் டியூப் மேல்டியூபிலிருந்து தனித்து அசையும் ஐசோஸ்பீடு இணைப்பு இருக்கிறது, இடுப்புக்கு நல்லது. ரூபேயில் ஸ்டெம்முக்குக் கீழே 20 மி.மீ. அசையும் ஸ்பிரிங் இருக்கிறது, கைக்கு நல்லது. டிஃபை இயந்திரம் எதையும் வைக்காமல் தட்டையான டி வடிவ சீட் போஸ்ட்டின் வளைவை நம்புகிறது. அசையும் பாகம் குறைவு, எடையும் குறைவு. உங்கள் நோவு கையில் என்பதால் ரூபேக்கு ஒரு படி முன்னுரிமை. இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. டொமேனிலும் டிஃபையிலும் பிரேக் ஹோஸ்கள் (எண்ணெய்க் குழாய்கள்) ஹேண்டில் திரும்பும் ஹெட்செட் பேரிங்கின் நடுவே புகுந்து உள்ளே போகின்றன. பார்க்க அழகு. ஆனால் சாரல் மாதங்களில் தண்ணீர் முதலில் தேடிப்போகும் இடம் அந்த மேல் பேரிங்தான். அது துருப்பிடித்தால் ஹோஸைக் கழற்றி, பிரேக் எண்ணெயை வடித்து, பேரிங்கை மாற்றி, மறுபடி எண்ணெய் ஏற்ற வேண்டும். சாதாரண வண்டியில் அரைமணி வேலை இங்கே அரைநாள் ஆகிவிடும். ரூபேயில் ஹோஸ்கள் வெளியே இறங்கி ஃபிரேமுக்குள் நுழைகின்றன. அழகு கொஞ்சம் குறைவு. உங்கள் ஊர் மழைக்கு அதுவே மேல். ரூபே வாங்கினால் ஸ்பிரிங்கை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

கிராங்க் பேரிங்கிலும் இதே கணக்கு. ரூபேயில் பி.எஸ்.ஏ. மரை, டொமேனில் டி47 மரை. இரண்டும் திருகிக் கழற்றக்கூடியவை. டிஃபையில் அழுத்திச் செருகும் வகை. மழையும் மணலும் சேர்ந்தால் செருகும் வகையில் ஏறும்போது டக் டக் என்று சத்தம் வரும் வாய்ப்பு அதிகம். கழற்ற அதற்குரிய கருவி வேண்டும். ஆக என் வரிசை: ரூபே, டொமேன், டிஃபை. இந்த வரிசையைப் புரட்டிப் போடக்கூடியது ஒன்றே ஒன்று. உங்களுக்கு மதுரையும் திருவனந்தபுரமும் இரண்டுமே ஏறக்குறைய நூறு கிலோமீட்டரோ அதற்கு மேலோ. எந்தக் கடை உங்கள் அளவை அளந்து பார்த்து வண்டி தருகிறதோ, ஹேங்கர் (பின்கியரை ஃபிரேமில் தாங்கும் துண்டு), பிரேக் பேடு, சீட் போஸ்ட் ஆப்பு ஆகியவற்றைக் கையிருப்பில் வைத்திருக்கிறதோ, அந்தக் கடையின் வண்டிதான் உங்கள் வண்டி. பில்லும் ஃபிரேம் எண்ணும் உங்கள் பெயரில் பதிவாக வேண்டும். கார்பன் ஃபிரேமின் உத்தரவாதம் பொதுவாக முதல் உரிமையாளருக்குத்தான். பில் இல்லாமல் மலிவாக வரும் வண்டியில் அது கிடையாது.

கியருக்கு வருவோம். உங்கள் வண்டியில் இப்போது முன்னால் 34, பின்னால் 28 பல்தான் மிக இலகுவானதாக இருக்கும் என்று நினைக்கிறேன். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 11 கி.மீ. அதற்குக் குறைந்த வேகத்தில் ஏறும்போது முழங்கால்தான் விலை கொடுக்கும். 12 கியர் ஷிமானோ 105 கியர் தொகுதியில் பின்னால் 36 பல் கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) கிடைக்கிறது. 34-க்கு 36 என்றால் அதே 70 சுற்றில் மணிக்கு 8.5 கி.மீ. 300 கி.மீ. ஓடிய பிறகு வரும் ஏற்றத்தில் இந்த வித்தியாசம், வண்டி ஒரு கிலோ குறைவதைவிடப் பல மடங்கு பெரியது. 87 கிலோவில் ஒரு கிலோ குறைந்தால் 20 நிமிட ஏற்றத்தில் மிச்சமாவது சுமார் 13 நொடி. அதே பெயரில் உச்ச விலை ஃபிரேமுக்கும் அதற்கடுத்த படி ஃபிரேமுக்கும் நடுவே நீங்கள் வாங்குவது பெரும்பாலும் இந்தச் சில நொடிகளைத்தான். 4 லட்சத்தில் அடுத்த படிதான் வரும், அதுவே போதும்.

எலக்ட்ரானிக் அவசியமா? 105-இன் எலக்ட்ரானிக் வகையான டிஐ2 நல்ல சாமான். சார்ஜ் ஒன்றுக்கு ஆயிரம் கி.மீ. வரை ஓடும், நடுங்கும் விரலுக்கும் ஈரக் கையுறைக்கும் சுகம். 105 மெக்கானிக்கலும் அதே 12 கியர், அதே ஹைட்ராலிக் பிரேக். நான் பார்ப்பது கேபிள் போகும் வழியை. ஹெட்செட் வழியாக நெளிந்து நெளிந்து போகும் ஃபிரேமில் கியர் கேபிள் சீக்கிரம் இறுகும். மழைக்குப் பின் பின்கியர் தயங்கித் தயங்கி விழும். அப்படிப்பட்ட ஃபிரேம் என்றால் டிஐ2 எடுங்கள். ரூபே மாதிரி வெளிவழி என்றால் மெக்கானிக்கல் போதும். மிச்சத்தில் இரண்டாவது சக்கர ஜோடி வாங்கலாம். மெக்கானிக்கலில் ஒன்றை மறக்க வேண்டாம்: கேபிள் ஷிஃப்டருக்குள், தலைப் பக்கத்தில், இழை இழையாக அறும். பின்கியர் திடீரென்று சரியாக விழவில்லை என்றால் திருகைத் திருப்பிக்கொண்டே இருக்காமல் கேபிள் தலையைப் பாருங்கள். உள்ளே அறுந்துவிட்டால் துண்டுகளை எடுக்க ஷிஃப்டரையே பிரிக்க வேண்டிவரும். வருடம் ஒருமுறை, பி.ஆர்.எம்.-க்கு முன்பே மாற்றிவிடுங்கள். எது வாங்கினாலும் ஹேங்கர் உதிரி ஒன்று கூடவே வாங்குங்கள். விழுந்தால் முதலில் வளைவது அதுதான், பல ஃபிரேம்களில் அதன் வடிவம் வேறுவேறு.

கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாரலில் எண்ணெய்ப் படலம் மிதக்கும் தார், எதிரே லாரி, எஸ் வளைவு. டிஸ்க் பிரேக் அங்கே உயிர்காக்கும், பழகிய பிரேக்காக இருந்தால். புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பதியாமல் இறங்காதீர்கள். சமதரையில் மணிக்கு 30 வேகத்திலிருந்து நடைவேகம்வரை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், இருபது தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள். முன்னும் பின்னும் தனித்தனியாக. இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வந்தால் பேடு பளபளப்பாகிப் பிடிப்பு போய்விடும். வளைவுக்கு முன்னால் அழுத்திக் குறைத்து, வளைவில் விட்டு ஓட்டுங்கள். ரெசின் பேடு சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் மழை மணலில் வேகமாகத் தேயும். உலோகப் பேடு நிற்கும், கொஞ்சம் கத்தும். ஆனி முதல் ஆவணி வரை உலோகம் போடுங்கள். டிஸ்க்கின் மேல் ரெசின் மட்டும் என்று எழுதியிருந்தால் அது முடியாது, டிஸ்க்கையும் மாற்ற வேண்டும். பேடில் 0.5 மி.மீ. மிச்சமிருக்கும்போதே மாற்றுங்கள். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ.; 1.5-க்கு வந்தால் அதன் காலம் முடிந்தது. செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடிக்கவே வேண்டாம், அதன் துளி டிஸ்க்கில் பட்டால் பேடையும் சேர்த்துத் தூக்கியெறிய வேண்டியதுதான். சொட்டுச் சொட்டாக விட்டு, துணியால் துடைத்து எடுங்கள்.

பணத்தைப் பிரிப்பதில் என் யோசனை: 4 லட்சத்தில் 50 ஆயிரத்தைத் தொடாமல் தனியே வையுங்கள். நல்ல 32 மி.மீ. டயர் ஜோடி ஒன்று, 35 அல்லது 38-இல் இன்னொன்று, திருகை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்ச், கார்பன் பசை, பேடு இரண்டு ஜோடி, முழு நீள மட்கார்டு, விளக்கு. 32-க்கு கான்டினென்டல் ஜி.பி. 5000 வரிசையில் ஆல் சீசன் டியூப்லெஸ் நன்று. அகலத்துக்குப் பானரேசர் கிராவல்கிங்கின் வழவழப்பான வகை. பிறகு கை கூடினால் அலுமினிய ரிம்மில் இரண்டாவது சக்கர ஜோடி, சொந்த டிஸ்க், சொந்த கேசட்டோடு. அப்போது இரண்டு ஜோடிக்கும் ஒரே கம்பெனி ஹப் (சக்கரத்தின் நடு உருளை) எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் டிஸ்க் அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்து, சக்கரம் மாற்றும்போதெல்லாம் பேடில் உரசும்.

விளக்கு விஷயத்தில் டைனமோ ஹப் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. 400 வரை ஓர் இரவுதான் என்பதால் பேட்டரி விளக்கு இரண்டும் ஒரு பவர் பேங்க்கும் போதும். ஒளி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்காமல் மேல்விளிம்பு வெட்டிய விளக்காகப் பாருங்கள். பி.ஆர்.எம்.-இல் இரவுக்கு முன்பின் விளக்கும் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம்.

கார்பனில் எல்லாத் திருகும் அதில் எழுதிய அளவுக்குத்தான். ஸ்டெம் திருகில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் இறுக்கினால் வெடிப்பு உள்ளேயிருந்து தொடங்கும், வெளியே தெரியாது. சீட் போஸ்ட் இறங்கிக்கொண்டே இருந்தால் இன்னும் இறுக்காதீர்கள். கழற்றித் துடைத்து, கிரீஸ் இருந்தால் முழுக்க எடுத்துவிட்டு, கார்பன் பசை தடவிப் போடுங்கள். நனைந்து வந்த நாளில் வண்டியைத் துடைத்ததோடு விடாமல், சீட் போஸ்ட்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாக ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். கழற்றுமுன் போஸ்ட்டில் டேப்பால் உயர அடையாளம் வையுங்கள். செயின் தேய்மான அளவியில் 0.5 சதவீதம் காட்டினால் மாற்றிவிடுங்கள்; 12 கியர் செயின் அதைத் தாண்டினால் கேசட்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

பழைய வண்டியை விற்க வேண்டாம். ஆறு வருட அலுமினிய வண்டிக்குக் கிடைக்கும் தொகை உங்கள் புது வண்டியின் ஒரு ஜோடி டயருக்குச் சற்று மேலே வரும், அவ்வளவுதான். காலிப்பரிலும் ஃபோர்க்கிலும் இடம் இருந்தால் 28 மி.மீ. டயர் மாற்றி, மாட்டிக் கழற்றும் மட்கார்டு போட்டு, சாரல் மாதக் காலைச் சுற்றுக்கு அதையே வையுங்கள். புது வண்டியின் பேரிங்குகள் பிழைக்கும். ஒன்று மட்டும்: ஆறு வருட மழை மணலில் ரிம் பிரேக் ரிம்மின் சுவர் தேய்ந்திருக்கும். பக்கச் சுவரில் இருக்கும் தேய்மானக் குழி இன்னும் தெரிகிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். மறைந்திருந்தால் அந்த ரிம்மோடு கோட்டைவாசல் இறங்காதீர்கள், முன் ரிம்மை மாற்றிய பிறகு ஓட்டுங்கள்.